தோத்துக்கிட்டு இருந்தவங்கதான் முதல்ல பந்தை வீசினாங்க: அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல பாஸிங் பரவின கதை

2016 அக்டோபர் 22, டெக்சாஸ் மாநிலத்துல லபக்னு ஒரு ஊர். பருத்திக் காடும் புழுதிக் காத்தும்தான் அங்க ஃபேமஸ். அன்னைக்கு ராத்திரி டெக்சாஸ் டெக்குக்கும் ஓக்லஹோமாவுக்கும் மேட்ச், ஸ்கோர் 66-59. டெக்சாஸ் டெக் பக்கம் பேட்ரிக் மஹோம்ஸ்னு ஒரு பையன் 88 தடவை பந்தை வீசினான், 52 தடவை அவங்க ஆள் கையில போய் விழுந்துச்சு, மொத்தம் 734 யார்டு. இவ்வளவு பண்ணியும் தோத்துட்டான். எதிர்ல பேக்கர் மேஃபீல்ட் 545 யார்டும் 7 டச்டவுனும் வீசிட்டான், என்ன பண்றது.

இதுல வேடிக்கை என்னன்னா, இதே ஓக்லஹோமா 1971ல ஒரு மேட்சுக்கு சராசரியா 472 யார்டு ஓடியே எடுத்த டீம். பந்தை வீசுறதே ஏதோ வீட்டுக்கு ஆகாத பழக்கம் மாதிரி இருந்த காலம் அது. அப்படி இருந்தவங்க எப்படி இப்படி ஆனாங்க? நான் டெக்சாஸ்ல இருந்த ரெண்டு வருஷத்துல என் ரூம்மேட் சனிக்கிழமை சனிக்கிழமை டிவி முன்னாடி உட்கார்ந்து கத்துவான், எனக்கு ஒரு மண்ணும் புரியாம அவன்கிட்ட கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதைக்குள்ள விழுந்தேன். ஃபுட்பால்னா மெஸ்ஸி மட்டும்னு இருக்குறவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லப் பார்க்குறேன்.

அடிப்படை ரொம்ப சிம்பிள்தான். பந்து வச்சிருக்குற டீமுக்கு நாலு சான்ஸ், அதுக்குள்ள 10 யார்டு முன்னாடி போகணும், போயிட்டா மறுபடி புதுசா நாலு சான்ஸ், போகலைன்னா பந்து எதிராளிக்கு. இப்படியே நகர்ந்து நகர்ந்து கடைசிக் கோட்டைத் தாண்டினா டச்டவுன், 6 பாயிண்ட். முன்னாடி போறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பந்தைக் கையில கொடுத்து ஒருத்தனை ஓட விடுறது, அவனுக்கு முன்னாடி தடியான ஆளுங்க நின்னு வழி பண்ணிக் கொடுப்பாங்க. இன்னொண்ணு, குவார்ட்டர்பேக்னு ஒருத்தன் பின்னாடி நின்னு முன்னாடி ஓடுற தன் ஆளுக்கு பந்தை வீசுறது. அதுதான் பாஸ். 1906 வரைக்கும் முன்பக்கமா வீசுறதுக்கே அனுமதி கிடையாது. ஒரே இடத்துல எல்லாரும் முட்டி மோதி பசங்க செத்தே போனாங்க, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரைக்கும் பஞ்சாயத்து போச்சு, அதுக்கப்புறம்தான் ரூலை மாத்தினாங்க.

அனுமதி கிடைச்சும் முக்கால்வாசி பேர் வீசல. காரணம் இருக்கு. வீசின பந்தை யாரும் பிடிக்கலைன்னா ஒரு சான்ஸ் வீண், எதிராளி பிடிச்சிட்டா பந்தே போச்சு. "பாஸ் பண்ணா மூணுல ஒண்ணு நடக்கும், அதுல ரெண்டு கெட்டது"ன்னு பழைய கோச்சுங்க ஒரு மந்திரம் மாதிரி சொல்லுவாங்க. நல்ல தடியான ஆளுங்க கையில இருந்தா எதுக்கு ரிஸ்க், தேர்த்திருவிழாக் கூட்டத்துல இடிச்சுக்கிட்டு போற மாதிரி மூணு மூணு யார்டா போயிட்டே இருக்கலாமேன்னு ஒஹையோ ஸ்டேட், டெக்சாஸ், நெப்ராஸ்கா, ஓக்லஹோமான்னு பெரிய காலேஜ் எல்லாம் அப்படித்தான் ஜெயிச்சாங்க.

பிரச்சினை எங்க வருதுன்னா, அந்தத் தடியான ஆளுங்க எல்லாருக்கும் கிடைக்க மாட்டாங்க. ஹைஸ்கூல்ல நல்லா ஆடுற 130 கிலோ பையன் பெரிய பேர் இருக்குற காலேஜுக்குத்தான் போவான். மத்தவங்க அதே ஆட்டத்தை சுமாரான ஆளை வச்சு ஆடினா வருஷா வருஷம் அடிதான். நான் சொல்ல வர்றதே இதுதான். பாஸிங் ஆட்டம் பரவினது பெரியவங்களால இல்ல, வேற வழி இல்லாதவங்களாலதான்.

இங்க கான்ஃபரன்ஸ்னா என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிடுறேன். அமெரிக்கால நூத்துக்கும் மேல பெரிய காலேஜ் டீம் இருக்கு, எல்லாரும் எல்லார்கூடவும் ஆட முடியாது. அதனால பக்கத்து பக்கத்துல இருந்த எட்டு, பத்து, பன்னெண்டு காலேஜ் சேர்ந்து ஒரு குழு வச்சுக்கிட்டாங்க, சீசன்ல முக்கால்வாசி மேட்ச் அதுக்குள்ளயே. எஸ்ஈசின்னா தெற்குப் பக்கம், பிக் டென்னா வடக்குல குளிர் ஊருங்க, பிக் 12ன்னா அப்ப டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கம். (இப்ப கலிஃபோர்னியா காலேஜ் ரெண்டுகூட பிக் டென்ல இருக்கு, அது டிவி காசு பண்ற வேலை, அத விடுங்க.) ஒரே தெருவுல குடி இருக்குற மாதிரி. அடுத்த வீட்ல என்ன சமைக்கிறாங்கன்னு இங்க வாசம் வரும். வருஷா வருஷம் அதே ஆளுங்ககூட மோதணும், அவங்க ஆட்டத்தை வீடியோல போட்டுப் போட்டுப் பார்க்கணும், உங்க டிஃபென்ஸ் ஆளுங்களை எடுக்குறதே பக்கத்து வீட்டுக்காரனைத் தடுக்குறதுக்குத்தான். அதனால ஒரு கான்ஃபரன்ஸ்ல ஒருத்தன் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா மத்தவன் அதைக் கண்டுக்காம இருக்கவே முடியாது.

அப்படி ஆரம்பிச்ச முக்கியமான வீடு யூட்டா மாநிலத்துல புரோவோங்கிற ஊர்ல இருக்குற பிரிகாம் யங் யூனிவர்சிட்டி, எல்லாரும் பிஒய்யூன்னு சொல்லுவாங்க. மோர்மன் சர்ச்சோட காலேஜ். 1972ல லாவெல் எட்வர்ட்ஸ்ங்கிறவர் ஹெட் கோச் ஆனப்ப அந்தக் காலேஜ் அதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் கான்ஃபரன்ஸ் டைட்டில் ஜெயிச்சிருந்துச்சு, 1965ல. அந்த டீம்ல வர்ஜில் கார்ட்டர்னு நல்லா பந்து வீசுற ஒரு குவார்ட்டர்பேக் இருந்தான். எட்வர்ட்ஸ் அதை கவனிச்சார். அவர் டிஃபென்ஸ் கோச்சா இருந்து வந்தவர், எதைத் தடுக்குறது கஷ்டம்னு அவருக்குத்தானே தெரியும். இங்க கோச்சா வந்தவங்க எல்லாரும் எப்படியும் வேலை போய்த்தான் போயிருக்காங்க, போறதுதான் போறோம், புதுசா ஒண்ணு பண்ணிட்டுப் போவோமேன்னு துணிஞ்சார். வேலை போகல, 2000 வரைக்கும் அங்கயே இருந்து 257 மேட்ச் ஜெயிச்சார். ஜிம் மெக்மஹன், ஸ்டீவ் யங்னு வரிசையா குவார்ட்டர்பேக்குங்க வந்தாங்க. 1980 ஹாலிடே பௌல்ல (பௌல்னா சீசன் முடிஞ்சப்புறம் நடக்குற ஸ்பெஷல் மேட்ச்) நாலு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது 45-25னு பின்தங்கி இருந்துட்டு 46-45னு ஜெயிச்சாங்க, ஓடி ஆடுற டீமா இருந்தா பஸ் ஏறியிருப்பாங்க. 1984ல 13-0, அதாவது 13 மேட்ச் ஜெயிச்சு ஒண்ணுகூடத் தோக்காம, தேசிய சாம்பியன்.

சரி, பிஒய்யூ பண்ணது மத்தவங்களுக்கு எப்படிப் போச்சு? இங்கதான் ஹால் மம்மினு ஒருத்தர் வர்றார். பிஒய்யூ இருந்த அதே டபிள்யூஏசி கான்ஃபரன்ஸ்ல எல் பாசோ டீமுக்கு 1982ல இருந்து 85 வரைக்கும் ஆஃபென்ஸ் பார்த்துக்கிட்டவர். அடிக்கிறவன் எப்படி அடிக்கிறான்னு எதிர்ல நின்னு பார்த்தவர்னு வச்சுக்கங்க. அந்த வேலை முடிஞ்சதும் டெக்சாஸ்ல காப்பரஸ் கோவ்னு ஒரு ஹைஸ்கூலுக்கு கோச்சாப் போனார், அங்கயும் டீம் சுமார்தான். அங்க இருந்து புரோவோவுக்குப் போய் பிஒய்யூ ஆளுங்ககிட்டயே உட்கார்ந்து கத்துக்கிட்டார். 1989ல ஐயோவா வெஸ்லியன்னு ஒரு குட்டி காலேஜ்ல வேலை கிடைச்சுது. ஐயோவா மாநிலத்துல மவுண்ட் பிளசன்ட்ங்கிற ஊர். அதுக்கு முந்தின வருஷம் அந்த டீம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கல. அங்க உதவிக்கு வந்து சேர்ந்தவர்தான் மைக் லீச். பிஒய்யூல படிச்சவர், அங்க ரக்பி ஆடினவர், காலேஜ் ஃபுட்பால் ஆடினதே கிடையாது, சட்டம் படிச்சு முடிச்சுட்டு வக்கீலாப் போகாம இந்தப் பக்கம் வந்தவர். இந்த ரெண்டு பேரும் சேர்ந்து பிஒய்யூ ஆட்டத்தை எடுத்து, பாதியைத் தூக்கிப் போட்டு, மிச்சத்தை வேகமாக்கினாங்க. அதுக்குத்தான் ஏர் ரெய்ட்னு பேர், வான்வழித் தாக்குதல்.

ஏர் ரெய்ட்டுக்கு உயிரே மெஷ்னு ஒரு ப்ளே, அதாவது யார் எங்க ஓடணும்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்ச ஒரு திட்டம். என் ரூம்மேட் எனக்கு இதை சாப்பாட்டு மேஜைல உப்பு டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் வச்சுத்தான் காட்டினான். உப்பு டப்பா இடது ஓரத்துல இருந்து வலது பக்கம் ஓடுது, ஊறுகாய் பாட்டில் வலது ஓரத்துல இருந்து இடது பக்கம் ஓடுது, ரெண்டும் ஒரு அஞ்சாறு யார்டு தள்ளி நடுவுல ஒண்ணை ஒண்ணு உரசுற மாதிரி கடக்கும். ப்ராக்டிஸ்ல ரெண்டு பேரும் கடக்கும்போது கையோட கை தட்டிட்டுப் போகணும்னு சொல்லிக் கொடுப்பாங்க, அவ்வளவு நெருக்கம். இப்ப இவனுங்களை ஆளுக்கு ஒருத்தன் துரத்துறான்னு வைங்க, துரத்துற ரெண்டு பேரும் நடுவுல ஒருத்தன் மேல ஒருத்தன் இடிச்சுக்குவான், இல்ல ஒதுங்கிப் போகணும், அதுக்குள்ள உப்பு டப்பா ஃப்ரீ. ஆளைத் துரத்தாம இடத்தைக் காவல் காக்குறாங்கன்னா, ஓடுறவன் ரெண்டு காவலுக்கு நடுவுல காலியா இருக்குற இடத்துல நின்னுக்குவான். ரெண்டுக்கும் பதில் இருக்கு. குவார்ட்டர்பேக் பார்த்துட்டு சட்டுனு வீசினாப் போதும், அவனுக்கு பெரிய கை பலம்கூட வேண்டாம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. முன்வரிசைல நிக்குற தடியன்களை பழைய கோச்சுங்க தோளோட தோள் ஒட்டி நிக்க வைப்பாங்க, இவங்க மூணு அடி நாலு அடின்னு இடைவெளி விட்டு நிக்க வச்சாங்க. பார்த்தா நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கேன்னு தோணும், ஆனா அதனால எதிராளில ஓரத்துல நிக்குறவன் குவார்ட்டர்பேக் கிட்ட வர இன்னும் தூரம் ஓடணும், அதுக்குள்ள பந்து கை மாறிடும். மைதானம் 53 யார்டு அகலம், அவ்வளவுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்து புல் நட்டிருக்கான், நடுவுல பத்து யார்டுலயே ஏன் முட்டிக்கிட்டு சாகணும்? அந்தப் புத்திதான் இது.

மெஷ் மாதிரி பத்துப் பன்னெண்டு ப்ளே, அவ்வளவுதான். மத்த டீம் எல்லாம் டெலிஃபோன் டைரக்டரி சைஸ்ல புஸ்தகம் வச்சிருக்கும்போது இவங்க அதே நாலு விஷயத்தை தினமும் திரும்பத் திரும்பப் பண்ணுவாங்க. அதனால புதுசா வர்ற காலேஜ்ல ஒரே சீசன்ல பசங்களுக்கு இதைக் கத்துக் கொடுத்துட முடியும். பரவுறதுக்கு இது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன், கஷ்டமான சமையல் குறிப்பு பக்கத்துத் தெருவைத் தாண்டாது.

இதுக்கு நேர் மாறா ஒரு உதாரணம். சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ்ல ஹூஸ்டன் யூனிவர்சிட்டி 1989ல ரன் அண்ட் ஷூட்னு இன்னொரு பாஸிங் முறைல ஒரு மேட்ச்ல 95-21ன்னு போட்டாங்க. அவங்க குவார்ட்டர்பேக் ஆண்ட்ரே வேருக்கு அந்த வருஷம் ஹைஸ்மன் அவார்டு (நாட்டுலயே சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்குக் கொடுக்குறது), அடுத்த வருஷம் டேவிட் கிளிங்லர் ஒரே மேட்ச்ல 11 டச்டவுன் வீசினான். ஆனா அக்கம்பக்கத்துல அதை எடுத்துக்கல. பந்தை வீசுறவனும் பிடிக்க ஓடுறவனும் ரெண்டு பேரும் ஆட்டம் நடக்கும்போதே எதிராளியைப் படிச்சு ஒரே மாதிரி முடிவு எடுக்கணும், அது எல்லாருக்கும் வராது. அது போக ஹூஸ்டன் அப்ப ரூலை மீறினதுக்குத் தண்டனைல இருந்த டீம், 1989ல டிவிலயே வரல. அந்தக் கான்ஃபரன்ஸே 1996ல கலைஞ்சு போச்சு. தூரத்துல ஹவாய்ல ஜூன் ஜோன்ஸ் மாதிரி ஒண்ணு ரெண்டு பேர் கையில எடுத்தாங்க, மத்தபடி பெருசா வாரிசு இல்ல.

மம்மிக்கு வாரிசு இருந்தாங்க. அவர் வெஸ்லியன்ல இருந்து ஜார்ஜியால வால்டோஸ்டா ஸ்டேட்டுக்குப் போனார், 1997ல நேரா எஸ்ஈசில கென்டக்கிக்குப் போனார், லீச்சும் கூடவே. கென்டக்கின்னா பாஸ்கெட்பால் ஊர், ஃபுட்பால்ல அடி வாங்குறதே வழக்கம். அந்த முதல் வருஷமே அலபாமாவை எக்ஸ்ட்ரா டைம்ல 40-34ன்னு ஜெயிச்சாங்க, அதுக்கு முன்னாடி அலபாமாவை ஜெயிச்சது 1922ல. ஒரு மனுஷ ஆயுசு. எஸ்ஈசிக்கு பாஸிங் புதுசுன்னு சொல்ல முடியாது, 1990லயே ஸ்டீவ் ஸ்பரியர் ஃப்ளோரிடால வந்து வீசித் தள்ளிட்டு இருந்தார், 1996ல தேசிய சாம்பியன்கூட ஆயிட்டார். ஆனா ஃப்ளோரிடாவுக்கு ஆளுங்க இருந்தாங்க. ஒண்ணுமில்லாத கென்டக்கி அதைப் பண்ணதுதான் மத்தவங்க கண்ணைத் திறந்துச்சு.

குறிப்பா ஒருத்தர் கண்ணை. அந்த ஃப்ளோரிடால டிஃபென்ஸ் பார்த்துக்கிட்டவர் பாப் ஸ்டூப்ஸ். கென்டக்கியை ஜெயிச்சாலும் அந்த வாரம் தயார் பண்றதுக்குள்ள அவருக்கு நாக்கு தள்ளிருச்சு. ஓக்லஹோமாவுல ஹெட் கோச் வேலை கிடைச்சதும் அவர் முதல்ல கூப்பிட்ட ஆளுங்கள்ல ஒருத்தர் லீச். பாருங்க, ஐடியா தானா காத்துல பறந்து போகல. அதால அடிபட்ட ஒருத்தர் வேற கான்ஃபரன்ஸுக்கு வேலை மாறிப் போகும்போது அடிச்ச ஆளையும் கூட்டிக்கிட்டு போறார். எட்வர்ட்ஸும் ஸ்டூப்ஸும் ரெண்டு பேருமே டிஃபென்ஸ் ஆளுங்கங்கிறது எனக்கு சும்மா நடந்ததாத் தெரியல.

1999ல ஓக்லஹோமா நொந்து போய்க் கிடந்த நேரம், முந்தின வருஷம் 5-6. வேற நேரமா இருந்தா அந்த ஊர்க்காரங்க விட்டிருப்பாங்களான்னு சந்தேகம்தான். லீச் ஒரே வருஷம்தான் அங்க இருந்தார். டெக்சாஸோட மேட்சுக்கு முன்னாடி பொய்யா ஒரு ப்ளே லிஸ்ட் எழுதி எதிராளி கண்ணுல படுற மாதிரி மைதானத்துலயே போட்டு வச்சாராம், அதை நம்பி டெக்சாஸ் ஏமாந்து ஓக்லஹோமா 17-0னு முன்னாடி போச்சு. (கடைசில டெக்சாஸ் ஜெயிச்சிருச்சு, அது வேற.) அடுத்த வருஷம் லீச் லபக்குக்கு, அதான் டெக்சாஸ் டெக்குக்கு, கிளம்பிட்டார், ஆனா அவர் கொண்டு வந்த குவார்ட்டர்பேக் ஜாஷ் ஹைப்பலை வச்சு ஓக்லஹோமா 13-0, தேசிய சாம்பியன்.

இப்ப ஒரே கான்ஃபரன்ஸ்ல ரெண்டு வீட்ல அடுப்பு எரியுது. டெக்சாஸ் டெக்ல லீச் பத்து வருஷத்துல 84 மேட்ச் ஜெயிச்சார். உச்சம் 2008 நவம்பர் 1. நம்பர் ஒன் டீம் டெக்சாஸ் லபக்குக்கு வந்துச்சு. 1 நிமிஷம் 29 விநாடி இருக்கும்போது டெக்சாஸ் 33-32னு முன்னாடி போயிட்டாங்க. டெக் குவார்ட்டர்பேக் கிரஹாம் ஹாரல் வீசி வீசி வர்றான், நடுவுல ஒரு பந்து தட்டி மேல எழும்பி டெக்சாஸ் ஆள் கையில வந்து விழுந்து, அவன் நழுவ விட்டுட்டான், பிடிச்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும். மிச்சம் எட்டு விநாடி. நாலு பேரும் நேரா மேல ஓடுற ப்ளே, ஃபோர் வெர்டிகல்ஸ். ஹாரல் வலது ஓரத்துல மைக்கேல் கிராப்ட்ரீக்கு வீசினான். கோட்டுக்கு வெளிய போயிருந்தா ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் காலால உதைச்சு எடுக்குற 3 பாயிண்ட்) அடிச்சு ஜெயிச்சிருக்கலாம், அதுதான் சேஃப். அவன் போகல. கூட இருந்தவனை உதறிட்டு, இன்னொருத்தன் வந்து சேர்றதுக்குள்ள ஓரமாவே கால் வச்சு உள்ள போயிட்டான். ஒரு விநாடி மிச்சம். 39-33. அந்தக் கிளிப்பை நூறு தடவை காட்டியிருப்பான் என் ரூம்மேட்.

அந்த வருஷம் ரெகுலர் சீசன் முடியும்போது டெக்சாஸ், ஓக்லஹோமா, டெக் மூணு பேரும் 11-1. ஓக்லஹோமா மட்டும் சீசன்ல 716 பாயிண்ட். கான்ஃபரன்ஸ்ல ஒருத்தர் விடாம வீச ஆரம்பிச்சாச்சு. லீச்கிட்ட வேலை பார்த்தவங்க, ஆடினவங்கன்னு பார்த்தா தலை சுத்தும். ஆர்ட் பிரைல்ஸ் பெய்லருக்கு, டேனா ஹோல்கர்சன் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கும் அப்புறம் வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும், லிங்கன் ரைலி ஓக்லஹோமாவுக்கு, சன்னி டைக்ஸ் பிற்பாடு டிசியூவுக்கு. 2016ல மஹோம்ஸுக்கு கோச்சா இருந்த கிளிஃப் கிங்ஸ்பரியே லீச்சோட பழைய குவார்ட்டர்பேக்தான். ஆரம்பத்துல சொன்ன அந்த 66-59 மேட்ச் ஒரு குடும்பச் சண்டைன்னே சொல்லலாம். டெக்சாஸ் ஹைஸ்கூல் பசங்களும் கோடைல தடியன்கள் இல்லாம ஏழுக்கு ஏழு பேர் வீசிப் பிடிக்கிற மேட்ச் ஆடி ஆடியே வளர்ந்தாங்க, காலேஜுக்கு வரும்போதே பாதி ரெடி.

ஸ்காலர்ஷிப் கணக்கையும் மறக்கக் கூடாது. முன்னாடி பெரிய காலேஜ் எத்தனை பேரை வேணா வளைச்சுப் போட்டுக்கலாம், ஆட விடாட்டியும் பரவால்ல, எதிராளிக்குப் போகாம இருந்தாப் போதும். 1973ல ஒரு டீமுக்கு 105 ஸ்காலர்ஷிப்தான்னு வரம்பு வச்சாங்க, 1978ல 95, 1990கள்ல 85. மிஞ்சின பசங்க சின்ன காலேஜுக்கு வந்தாங்க. அப்படி வந்தவங்கள்ல வேகமா ஓடுறவனும் பந்து பிடிக்கிறவனும் நிறைய, 130 கிலோ தடியன் கம்மி.

பிக் டென்ல கதை கொஞ்சம் மெதுவா நடந்துச்சு. 1980லயே இல்லினாய் டீமோட டேவ் வில்சன் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரா 621 யார்டு வீசினான், தோத்துட்டான், எல்லாரும் கைதட்டிட்டு மறுபடி ஓடப் போயிட்டாங்க. 1997ல ஜோ டில்லர் பர்டூக்கு வந்தார், எங்க இருந்து? வயோமிங்ல இருந்து, பிஒய்யூ இருந்த அதே டபிள்யூஏசி. அவருக்குக் கிடைச்ச குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ், டெக்சாஸ்காரன், ஊர்ல இருந்த பெரிய காலேஜ் எதுவும் சீண்டாத குள்ளப் பையன். 1998ல விஸ்கான்சினுக்கு எதிரா 83 தடவை வீசித் தோத்தான், ரெண்டு வருஷம் கழிச்சு ரோஸ் பௌலுக்குக் கூட்டிட்டுப் போனான். பெரிய வீடு மாற இன்னும் நாளாச்சு. 2018ல ஒஹையோ ஸ்டேட்ல டுவேன் ஹாஸ்கின்ஸ் 50 டச்டவுன் வீசினப்ப, அதே காலேஜ்ல ஓட்டத்தை மட்டும் நம்பி இருந்த பழைய கோச் உடி ஹேய்ஸ் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

எஸ்ஈசில கடைசி வரைக்கும் முனகினவர் அலபாமா கோச் நிக் சேபன். இந்த வேக ஆட்டத்தை வெளிப்படையாவே குறை சொல்லிட்டு இருந்தார், 2014ல லேன் கிஃபினை ஆஃபென்ஸுக்கு வச்சு அவரும் மாறிட்டார். அப்புறம் 2019ல அதே எஸ்ஈசில எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி), ஜோ பரோ 60 டச்டவுன் வீசி 15-0. பெரிய காலேஜ்கிட்ட ஆளுங்களும் இருந்து வீசவும் ஆரம்பிச்சுட்டா சின்னவன் என்ன பண்ணுவான்? ஏழைக்குக் கிடைச்ச ஒரே குறுக்கு வழி, அதுலயும் பணக்காரன் கார் விட்டா அவ்வளவுதான். எனக்கு இதுல கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆனா இன்னொரு வேடிக்கையும் நடந்துச்சு. பிக் 12ல எப்பவும் கீழ கிடந்த ஐயோவா ஸ்டேட் 2017ல டிஃபென்ஸை மாத்திப் பார்த்தாங்க. குவார்ட்டர்பேக்கைத் துரத்த மூணே பேர், மீதி எட்டுப் பேரும் பின்னாடி போய் காலி இடத்தை எல்லாம் அடைச்சு நிக்குறது, நடுவுல கூடுதலா ஒரு சேஃப்டி, அதாவது பின்னாடி காவல் நிக்குற ஆள். மெஷ்ல உப்பு டப்பா போய் நிக்குற இடத்துல இப்ப ஏற்கனவே ஒருத்தன் நிக்குறான். அந்த வருஷம் ஓக்லஹோமாவை அவங்க ஊர்லயே 38-31னு ஜெயிச்சாங்க. மத்த டீமுங்க அந்த வீடியோவை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க, ரெண்டு மூணு வருஷத்துல அங்கங்க அதே செட்டப். ஏர் ரெய்ட் பிறந்ததும் ஐயோவா, அதுக்கு மாத்து மருந்து கண்டுபிடிச்சதும் ஐயோவா. மம்மியும் லீச்சும் ஆரம்பிச்ச அந்தக் குட்டி வெஸ்லியன் காலேஜ் மட்டும் காசு இல்லாம 2023ல மூடிட்டாங்க.